மலைச்சரிவில் மரம் இறக்கக் கம்பிவடம்

நீலகிரியின் உச்சிப் பகுதியிலும் பழனிமலையின் மேற்புறத்திலும், புல்வெளியும் சோலைக்காடும் மாறிமாறி இருந்த நிலத்தில், கடந்த இரு நூற்றாண்டுகளில் அயல்நாட்டு மரங்கள் பெருமளவில் பயிரிடப்பட்டன என்பதை வாசகர்கள் அறிவர். 1843-ல் நீலகிரிக்கு வந்து சேர்ந்த யூகலிப்டஸ், விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும் பொருட்டுப் பரப்பப்பட்டது. மலைமக்கள் சீகை என்று கூறும் வாட்டில் மரம், தோல் பதனிடுதற்குரிய பட்டைக்காக வளர்க்கப்பட்டது. இன்று இவற்றைப் படிப்படியாக அகற்றிப் பழைய புல்வெளியையும் சோலையையும் மீட்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட நோக்கமாகிவிட்டது. அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களைக் குறித்துத் தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டில் தனிக் கொள்கையொன்றையே வெளியிட்டது. எந்த மரத்தை எந்த இடத்தில் எவ்வளவு வேகமாக அகற்றுவது என்பது பற்றி வாதங்கள் நடைபெறுகின்றன; அவை நடைபெறவும் வேண்டும். ஆயினும், வெட்டி வீழ்த்திய தடியைச் சரிவிலிருந்து பாதை வரை எவ்வாறு கொண்டுவருவது என்ற வினாவை எழுப்புவோரைக் காண்பது அரிதாக இருக்கிறது. மீட்புப் பணியின் பயன் பெருமளவுக்கு இந்த வினாவையே பொறுத்தது என்பதும், இதற்காகக் கம்பிவட முறையை நாம் மீண்டும் கற்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

தலைநகரில் இருப்போருக்கு இது தொலைதூரத்துப் பிரச்சினையாகத் தோன்றலாம். ஆனால் புசா ரோட்டிற்கு அருகிலேயே டில்லியின் மேட்டுக்காடு இருக்கிறது. அங்கும் அயல் மரம் உண்டு. இங்குள்ளோர் விலாயத்தி கீகர் என்பது தமிழ்நாட்டார் நன்கறிந்த சீமைக்கருவேலே. அதை அகற்றுவது பற்றியும் வாதம் உண்டு. ஆனால் மேட்டுக்காட்டின் பெரும்பகுதியில் ஏற்றம் மிகச் சிறியது. வெட்டிய கட்டையை வண்டியோ டிராக்டரோ எடுத்துச் செல்லும். நிலம் 100 மீட்டர் தூரத்துக்கு 30 அல்லது 35 மீட்டர் உயரும் சரிவை எட்டும் போதுதான் சக்கர வண்டிகள் கைவிடுகின்றன. நீலகிரியிலும் கொடைக்கானல் பகுதியிலும் அத்தகைய சரிவுகள் ஏராளம். அங்கு மனிதத் தோள் தவிர எஞ்சி நிற்கும் வழிகள் இரண்டே: தரையோடு இழுப்பது, அல்லது மேலே தூக்கிச் செல்வது.

தரையோடு இழுப்பதால் விளைவது என்ன? தடியின் முன்நுனி கலப்பையின் கொழுவைப் போல் மண்ணைக் கீறிச் செல்கிறது. முதல் தடி கீறிய வழியிலேயே இரண்டாவது தடியும் வரும், அதுதான் எளிது. நாற்பது ஐம்பது தடிகள் சென்றபின் அங்கே ஒரு வாய்க்கால் உண்டாகிவிடும். அடுத்த பருவமழையின் நீர் அந்த வாய்க்காலிலேயே திரண்டு ஓடி அதனை ஓடையாக்கும். இவ்வளவும் எந்த மலைக்கும் பொருந்தும். வாட்டில் நிற்கும் மலைக்கோ இதன்மேல் வேறொரு கேடும் உண்டு. வாட்டில் விதையின் மேலோடு மிகக் கடினமானது. அது பல ஆண்டுகள் மண்ணுள் உறங்கிக் கிடக்கும். மேல்மண் கிளறப்பட்டாலோ தீப்பட்டாலோ அவ்விதைகள் ஒருங்கே முளைத்தெழும். மரத்தை வெட்டி வெயில் படச் செய்வதே ஓரளவு முளைப்பைத் தூண்டும்; மண்ணையும் கிளறிவிட்டால் கேட்க வேண்டியதில்லை. அகற்றச் சென்ற மரத்தை நாமே விதைத்துத் திரும்புகிறோம். ஈரம் மிகுந்த இடங்களில் இத்தோப்புகளின் நிழலில் சோலை மரங்களின் கன்றுகள் தாமாக முளைத்து நிற்பதையும் காணலாம். இழுபடும் தடிக்கு அக்கன்றும் களையும் ஒன்றே.

கம்பிவடம் நம் மலைகளுக்குப் புதிதன்று. ஆனைமலையில் டாப்சிலிப் என்னும் ஊரின் பெயரே மரம் இறக்கிய முறையைச் சொல்கிறது. 19-ம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கும், பின்னர் இருப்புப்பாதைக்கும் வேண்டிய தேக்கினை, அவ்விடத்து மேட்டிலிருந்து சமவெளிக்குச் சறுக்கி இறக்கினார்கள். சறுக்குப் பாதைக்குச் செலவு இல்லை. ஆனால் சறுக்கும் தடி பிளவுறும், மண்ணும் அதனோடு இறங்கும். காடு அழிந்து, பின்னர் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ உட் என்னும் வன அதிகாரி தேக்கினை மீண்டும் உண்டாக்க உழைத்த வரலாறு பலர் அறிந்தது. தடியிழுத்த யானைகளின் முகாம் கோழிகமுத்தியில் இன்றும் இருக்கிறது. யானைகள் தடி இழுப்பதில்லை. பழகிய யானை கன்றை மிதியாது ஒதுங்கிச் செல்லும் என்று முதிய பாகர்கள் சொல்வதுண்டு. அவ்வளவு நுட்பத்தை எந்த யந்திரத்திடமும் எதிர்பார்க்க முடியாது.

ஆனைமலைக்கு மேற்கே கொச்சி சமஸ்தானம் மேற்கொண்ட ஏற்பாடு வேறு. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட வன டிராம்வே 1907 முதல் 1963 வரை தேக்கும் ஈட்டியும் ஏற்றிச் சென்றது. சமநிலத்தில் நீராவி யந்திரம் இழுத்தது. செங்குத்தான சரிவுகளில் யந்திரம் இல்லை; கம்பிவடமே வேலை செய்தது. மேலே ஒரு பெரிய உருளை. அதைச் சுற்றிச் செல்லும் வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரவண்டி தன் எடையால் இறங்கும்போதே காலி வண்டி மேலே ஏறியது. மனிதன் செய்ய வேண்டியது உருளையின் பிரேக்கை இறுக்குவதும் தளர்த்துவதுமே. பழனி மலைக்கு விஞ்சில் ஏறியவர்கள் ஏறக்குறைய இதே ஏற்பாட்டைப் பார்த்திருப்பார்கள். அங்கு மின்மோட்டார் துணை செய்கிறது. கொச்சியின் வடம் தண்டவாளத்தின்மேல் ஓடிய வண்டிகளைப் பிடித்தது. மூணாறுத் தோட்டங்களின் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து போடிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறக்கிய வடமோ ஆகாயத்திலேயே சென்றது. அந்த இடத்துக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்ற பெயர் அதனால்தான் வந்தது. ஆக, பாரம் தானே இறங்கும் விதியையும், வடத்தில் தொங்கவிட்டு மலையைக் கடக்கும் உபாயத்தையும் நம் மலைகள் நூறு ஆண்டுக்கு முன்பே கண்டுவிட்டன.

மரமெடுப்புக்கான யந்திர முறை அமெரிக்காவில் பிறந்தது. 1881-ல் கலிபோர்னியாவில் ஜான் டோல்பியர் என்பார் நீராவியால் இயங்கும் இழுபொறி ஒன்றை அமைத்துப் பெருமரங்களை வடத்தால் இழுக்கத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் விசென் என்பாரின் பெயரால் வழங்கும் வடப் பாரந்தூக்கி, சிறு காடுகளுக்கும் மிகச் செங்குத்தான மலைகளுக்கும் ஏற்றதாக வளர்ந்தது. இமயச் சரிவுகளிலும் உலர்சறுக்கு, நீர்ச்சறுக்கு, பாரத்தால் இயங்கும் வடம் ஆகியன வழக்கில் இருந்தன. 1960-களில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு மரமெடுப்புப் பயிற்சித் திட்டமும் நடைபெற்றது. பின்னர் காலம் மாறியது. 1981-ல் உத்தரப் பிரதேச மலைகளில் 1000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. 1988-ம் ஆண்டு தேசிய வனக்கொள்கை காடுகளின் காப்பையே முதன்மையாக வைத்தது. 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு நாடெங்கும் வெட்டினைக் கட்டுப்படுத்தியது. இவை யாவும் நன்மைக்கே. ஆனால் வெட்டு நின்றதோடு, நல்ல முறையில் மரம் எடுக்கும் கல்வியும் நின்றுபோயிற்று. இன்று அயல் மரத்தை அகற்றக் கோடரி மீண்டும் மலையேறுகிறது. கல்வி மட்டும் உடன் செல்லவில்லை.

இனி முறையின் அடிப்படையைக் காண்போம். மிக எளிய வகையில், பாதையோரம் ஓர் இழுபொறி நிற்கும். அருகே ஓர் உயர்ந்த கம்பம். கம்பத்தின் உச்சியில் ஒரு கப்பி. பொறியிலிருந்து வரும் இழுவடம் கப்பியைக் கடந்து சரிவில் இறங்கும். அதன் நுனியில் சுருக்குக் கயிற்றால் தடியைப் பிணைத்து இழுத்தால், வடம் உயரத்திலிருந்து வருவதால் தடியின் முன்நுனி தூக்கப்படும். பின்நுனி தரையில் படும். கொழு மண்ணில் இறங்காமல் இருப்பதே ஒரு பெரிய லாபம். எனினும், பொறியை விட்டு எட்டப் போகப் போகத் தூக்குவிசை குறையும்.

அடுத்தது தாங்குவட முறை. மேலே கம்பத்திலிருந்து எதிரே உள்ள நங்கூரம் வரை ஒரு தடித்த வடத்தைக் கட்டுகிறோம். இதுவே பாதை. இதன்மேல் கப்பிகளோடு கூடிய தொங்குவண்டி ஒன்று ஓடும். இழுவடம் வண்டியின் வழியாகக் கீழே இறங்கித் தடியைத் தூக்கும். பின் வண்டியோடு தடியையும் இழுத்துச் செல்லும். பாதை மேட்டில் இருந்தால், காலி வண்டி தன் எடையாலேயே கீழே ஓடிவிடும். அதைத் திரும்ப இழுக்கத் தனி வடம் வேண்டியதில்லை. பாதை கீழே இருந்தால், அல்லது சரிவு போதாதிருந்தால், மீள்வடம் ஒன்று சேர்க்க வேண்டும்.

மேல்நோக்கி இழுப்பதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தடிகள் தரையைத் தொட்டு ஏற்படும் தடங்கள் மேட்டிலுள்ள கம்பத்தை நோக்கிக் குவிகின்றன. ஆகவே மழைநீர் கீழே வரவர விரிந்து சிதறுகிறது. கீழ்நோக்கி இழுத்தால் தடங்கள் அடிவாரத்தில் குவியும். நீரும் அங்கேயே குவியும். ஒரே மலை, ஒரே மரம், ஒரே பொறி. திசை ஒன்றே வேறு.

இந்த முறையில் தவறு நேர்வது பெரும்பாலும் தொய்வு பற்றிய அறியாமையால். வடத்தை நேராக, விறைப்பாகக் கட்டினால் நல்லது என்று புதியவர் எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து வடம் நடுவில் எவ்வளவு தாழ்கிறது என்பதே தொய்வு. நடுவில் தொங்கும் பாரத்தால் வடத்தில் ஏற்படும் கிடை இழுவிசையைக் காணப் பாரத்தை இடைநீளத்தால் பெருக்கி, தொய்வின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். தொய்வு நீளத்தில் நூற்றுக்கு 10 பங்கானால் இழுவிசை பாரத்தைப்போல் இரண்டரை மடங்கு. 5 பங்கானால் ஐந்து மடங்கு. இரண்டரைப் பங்கானால் பத்து மடங்கு. வடத்தின் சொந்த எடை இதற்கு மேல்.

ஓர் உதாரணம். 300 மீட்டர் இடைவெளியில் 18 மில்லிமீட்டர் வடம் கட்டியிருக்கிறோம். தொய்வு 15 மீட்டர், அதாவது நூற்றுக்கு 5. தடியும் வண்டியும் சேர்ந்து ஒரு டன். பாரத்தால் ஏற்படும் இழுவிசை 5 டன். வடத்தின் எடை ஏறக்குறைய 350 கிலோ. பரவியுள்ள எடையாதலால், நீளத்தால் பெருக்கித் தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் இன்னும் 875 கிலோ கிடைக்கிறது. மொத்தம் 6 டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆறு புரிகளும் புரிக்குப் பத்தொன்பது கம்பிகளும் கொண்ட சாதாரண 18 மில்லிமீட்டர் எஃகு வடம் சுமார் 19 டன்னில் அறும். தாங்குவடத்தில் அறும் எடையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றலாகாது என்பது பொது விதி. அதன்படி இங்கே எல்லை 6 டன்னும் சில நூறு கிலோவும். ஆகவே ஏற்பாடு செல்லும். ஆனால் மிச்சம் மிகக் குறைவு. இதே வடத்தை யாரேனும் “இன்னும் கொஞ்சம் இறுக்கு” என்று சொல்லித் தொய்வை ஏழரை மீட்டராகக் குறைத்தால், இழுவிசை இருமடங்காகி ஏறக்குறைய 12 டன் ஆகிவிடும். அப்போது அந்த வடத்தின் அருகே நிற்க நான் உடன்பட மாட்டேன்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். நான்கு மீட்டர் இடைவெளியில் ஒரே உயரத்தில் இரு கொக்கிகள். ஒரு நல்ல நூற்கயிறு. ஒரு முனையில் பத்துக் கிலோ வரை காட்டும் வில்தராசு. நடுவில் ஒரு கிலோ எடை. கயிற்றின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும், நடுவின் தாழ்வு 80 சென்டிமீட்டர், 40, 20 என வருமாறு செய்து தராசைப் படிக்கச் சொன்னால், ஏறக்குறைய 1.3, 2.5, 5 கிலோ எனக் காணும். ஒரு கிலோ எடை ஐந்து கிலோ இழுப்பதைக் கண்ட மாணவன், துணி உலர்த்தும் கொடியை ஏன் விறைப்பாகக் கட்டக்கூடாது என்பதையும் தானே சொல்லிவிடுவான்.

தொய்வு வேண்டுமெனில் வடத்தின் கீழே இடமும் வேண்டும். குழிந்த சரிவில் அது தானே கிடைக்கும். புடைத்த சரிவில் நடுப்பகுதி வடத்தைத் தொட்டுவிடும். அங்கு இடைத்தாங்கிகள் நிறுத்த வேண்டும். நீலகிரியின் உச்சிப் பகுதி கூரிய முகடுகளால் ஆனதன்று. உருண்டு திரண்ட குன்றுகளால் ஆனது. ஆகவே வெளிநாட்டுக் கையேட்டின் படத்தை அப்படியே அங்கு பெயர்த்துவிட முடியாது. ஒரு குன்றின் தோளிலிருந்து எதிர்க்குன்றின் தோளுக்குப் பள்ளத்தின் குறுக்காக வடத்தைக் கட்டினால் தொய்வுக்கு இடம் கிடைக்கும். பள்ளத்தின் அடியிலுள்ள சோலையும் சதுப்பும் தொடப்படாமல் தப்பும். இதற்கு வேண்டுவது ஒரு வரைபடமும், சரிவுமானியோடு அரை நாள் நடையும். வனவரும் வனக்காப்பாளரும் இதைச் செய்யத் தகுதியுடையவரே.

நங்கூரம் பற்றி ஒரு சொல். வாட்டிலுக்கு வேர் ஆழமில்லை; பெருங்காற்றில் அது வேரோடு சாய்வதை மலையில் இருப்போர் பார்த்திருப்பர். ஆறு டன் இழுக்கும் வடத்தை அதன் அடிக்கட்டையில் கட்டுவது அறிவீனம். இரண்டு மூன்று அடிக்கட்டைகளைச் சேர்த்துப் பிணைப்பதோ, பள்ளம் வெட்டிப் பெரிய தடியொன்றைக் குறுக்காகப் புதைத்து அதில் கட்டுவதோ தகும். வேலை நடக்கும்போது வடம் மடங்கித் திரும்பும் கோணத்தின் உட்புறத்தில் எவரும் நிற்கலாகாது. கப்பி பெயர்ந்தால் வடம் அந்தப் பக்கமே பாயும். மற்ற விதிகளையெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றைச் சிப்பந்திகள் மறவாதிருக்க வேண்டும். அறுந்த கம்பிகளும் முறுக்கிய கண்ணிகளும் உள்ள வடத்தைச் சிக்கனம் கருதி மீண்டும் கட்டுவதும் இதே வகைக் குற்றமே.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. முதலாவது செலவு. ஒரு வடத்தைக் கட்ட நால்வர் ஐவர் கொண்ட பழகிய குழுவும் ஓரிரு நாள் உழைப்பும் வேண்டும். எடுக்கும் மரம் குறைவானால் கட்டும் கூலியே மரத்தின் விலையை விழுங்கும். இது மெய். ஆனால் இழுத்து எடுப்பது மலிவு என்று நாம் கூறுவது, இறங்கிய மண்ணையும் மீண்டும் முளைத்த வாட்டிலைப் பிடுங்கும் கூலியையும் கணக்கில் எழுதாமையால்தான். ஒப்பந்தம் வெளியேற்றிய டன் கணக்கில் மட்டும் எழுதப்பட்டால் எந்த ஒப்பந்தக்காரரும் மலிவான வழியையே தேர்வார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. விட்டுச் சென்ற நிலத்தின் நிலைமைக்கும் ஒரு பங்கு பணம் என்று எழுதிப் பார்க்கலாம். எல்லாச் சரிவுக்கும் வடம் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. முதுமலையில் மஞ்சள்கொன்றை பரவியுள்ள சமதளங்களுக்கு அது வீண். மிகச் சிறிய கட்டைகளைச் சரிவிலேயே சமவுயரக் கோட்டில் அடுக்கி மக்கவிடுவது சில இடங்களில் எல்லாவற்றிலும் மேல்.

இரண்டாவது வாதம் கனமானது. மரம் எடுப்பது எளிதானால் எடுக்கக் கூடாத மரத்தையும் எடுக்கும் ஆசை வரும் என்பார்கள். டாப்சிலிப்பின் வரலாறு அவர்கள் பக்கம் நிற்கிறது. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. வடத்தின் நீளத்தையும் கட்டும் இடத்தையும் மீட்புத் திட்டத்திலேயே குறித்து, வேலை முடிந்த அன்றே முழுவதையும் அவிழ்த்துக் கொண்டுவர வேண்டும் என்று விதிப்பது ஓரளவு காப்பு. விலங்குகள் நடமாடும் காட்டில் அறுந்த கம்பித் துண்டு ஒன்றுகூடக் கிடக்கலாகாது என்பதாலும் இவ்விதி தேவை.

பெரிய யந்திரம் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. நேபாளத்தின் மலைக்கிராமங்களில், இறங்கும் பாரம் ஏறும் பாரத்தை இழுக்கும் சிறு வடப்பாதைகளால் காய்கறி சாலைக்கு வந்து சேர்கிறது, யந்திரமே இல்லை. ஹிமாசலத்து ஆப்பிள் தோட்டங்களிலும் பெட்டிகள் வடத்தில் இறங்குவதைக் காணலாம். கீழே பாதை உள்ள இடத்தில், விறகு நீளத்துக்கு அறுத்த யூகலிப்டஸ் கட்டுகளை இவ்வாறு இறக்க, ஒரு வடமும் சில கப்பிகளும் நம்பத்தக்க பிரேக்கும் போதும். வைகை அணையிலுள்ள வனப் பயிற்சிக் கல்லூரியிலும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலும் பயில்வோர், ஒரு பருவத்தில் ஒருமுறையேனும் தம் கையால் ஒரு வடத்தைக் கட்டி அவிழ்த்திருக்க வேண்டும் என விரும்புகிறேன். கயிற்றின் முடிச்சு புத்தகத்தில் படியாது.

சோதனைக்கு வேண்டிய ஏற்பாடும் சிறியதே. ஒரே சரிவில், ஒரே வயதுள்ள வாட்டில் தோப்பில், பக்கத்தில் பக்கத்தில் இரு துண்டு நிலம். ஒன்றில் வழக்கம்போல் இழுத்து எடுப்பது. மற்றதில் வடத்தால் எடுப்பது. இரண்டின் அடியிலும் ஒரே அளவில் குழி வெட்டிவைப்பது. வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் குழிகளில் தங்கிய வண்டலை உலர்த்தி நிறுத்து, மேலே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் முளைத்துள்ள வாட்டில் கன்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்வது. இதற்கு ஒரு வனவரும் அருகிலுள்ள பள்ளியின் விஞ்ஞான ஆசிரியரும் சில மாணவர்களும் இருந்தால் போதும். அடுத்த ஜனவரிக்குள் கணக்கு கையில் இருக்கும்.